எதன்மேல் முப்பது விழுக்காடு?

"ஏமாந்து எடுத்த காப்புறுதியா? கட்டிய பணத்தை முழுசா மீட்டுத் தருகிறோம். வென்றால் மட்டும் கட்டணம்." மலேசியத் தமிழரின் வாட்ஸ்அப் குழுக்களில் கிளெய்ம் கம்பெனிகளின் இப்படிப்பட்ட விளம்பரம் வந்துவிட்டால், அடுத்த சில நாள்களுக்கு ஒரே கேள்விதான் சுற்றி வரும்: "முப்பது பர்சண்ட் கேக்குறாங்க. அது அதிகமா, ஞாயமா?" கேட்பவர் செந்தூலில் இருந்தாலும் பட்டர்வொர்த்தில் இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை. பதில் சொல்பவர்களும் முப்பதைப் பிடித்துக்கொண்டே வாதாடுவார்கள். ஒருவர் பதினைந்துக்குப் பேசி முடிக்கச் சொல்வார். இன்னொருவர், வராத பணத்தில் எழுபது வந்தாலும் லாபம்தானே என்பார். எனக்கு இந்தப் பேச்சு முழுவதும் இடம் மாறி நடப்பதாகவே படுகிறது. விழுக்காட்டைவிட, அது எந்தத் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது என்பதுதான் பெரிய விஷயம். அதை யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தத் தாளிலும் அந்த வரி சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதலீட்டோடு சேர்ந்த ஆயுள் பாலிசி ஒன்று, மாதம் 300 ரிங்கிட், ஐந்து வருடம் கட்டியாயிற்று. மொத்தம் 18,000. இன்றைக்கே சரண்டர் செய்தால், அதாவது பாலிசியை நடுவிலேயே முடித்துக்கொண்டால், 7,500 கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 7,500-க்கு யாரோடும் சண்டை வேண்டாம். கவுண்டரில் ஒரு பாரம், மைகார்டு அடையாள அட்டையின் நகல், வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தால் போதும். அது பாலிசிக்காரரின் சொந்தப் பணம். ஆகவே உண்மையில் வழக்கில் இருப்பது மிச்சமுள்ள 10,500 மட்டும்தான். கிளெய்ம் கம்பெனி "மீட்கப்பட்ட மொத்தத் தொகையில்" முப்பது விழுக்காடு என்று எழுதியிருந்தால், முழு வெற்றி கிடைத்தாலும் 5,400 போய்விடும். 10,500-இல் 5,400 என்றால் பாதிக்கு மேல்.

இதுகூட நல்ல நிலவரம்தான். முழு வெற்றி அபூர்வம். பெரும்பாலும் நடுவில் எங்கேயாவது ஒத்துப்போவார்கள். காப்புறுதி நிறுவனம் சரண்டர் தொகையோடு நல்லெண்ணத்துக்காக இன்னொரு 4,500 சேர்த்து 12,000 தருகிறேன் என்று சொன்னால், கம்பெனியின் பங்கு 3,600. கம்பெனியே இல்லாமல் சும்மா சரண்டர் செய்திருந்தாலும் 7,500 வந்திருக்கும். போராடிக் கூடுதலாகப் பெற்றது 4,500. அதில் பாலிசிக்காரர் கையில் நிற்பது 900. தாளில் முப்பது விழுக்காடு என்று இருந்தது, நடப்பில் எண்பதாகிவிட்டது. ஆகவே ஒப்பந்தம் நீட்டப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது: "இன்றைய சரண்டர் தொகையைக் கழித்துவிட்டு, அதற்கு மேல் வருவதில் மட்டும் கட்டணம் என்று எழுதித் தருவீர்களா?" எழுதித் தரமாட்டேன் என்றால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இதே கணக்கில் இன்னொரு பள்ளம் உண்டு. சில காலம் பிரீமியம் கட்டாமல் விட்டால், பல பாலிசிகளில் அதன் ரொக்க மதிப்பிலிருந்தே நிறுவனம் கடனாக எடுத்துப் பிரீமியத்தைக் கட்டிக்கொள்ளும். அதற்கு வட்டியும் ஓடும். பணம் திரும்பும்போது அந்தக் கடனைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். கம்பெனியின் கட்டணம் கழிப்பதற்கு முன்னுள்ள தொகையிலா, கையில் வந்ததிலா? இங்கிலாந்தில் கடனோடு ஒட்டி விற்கப்பட்ட பிபிஐ காப்புறுதி விவகாரத்தில் பலர் மாட்டிக்கொண்டது இதில்தான். திரும்பிய பணத்தை வங்கி அவர்களுடைய பழைய கடன் பாக்கியில் வரவு வைத்துவிட்டது. கையில் ஒரு காசு வரவில்லை, ஆனால் கிளெய்ம் கம்பெனியின் பில் மட்டும் வந்தது.

இங்கிலாந்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் "கிளெய்ம் கம்பெனி" என்ற யோசனையே பலருக்கு அங்கேயுள்ள சொந்தக்காரர் சொல்லித்தான் வந்திருக்கும். அங்கே பிபிஐ வாங்கியவர்களுக்கு 38 பில்லியன் பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுக்கப்பட்டது. புகார் கொடுக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. அங்கே அந்தக் கம்பெனிகளுக்கு ஒரு கண்காணிப்பாளர் உண்டு, பிபிஐ வழக்குகளில் 20 விழுக்காடு, அதற்கு மேல் வரி, என்ற உச்சவரம்பும் சட்டத்தில் இருந்தது. நம் நாட்டு நிதிச் சேவைச் சட்டம் 2013-இல் காப்புறுதி நிறுவனத்துக்கு உரிமம் உண்டு, புரோக்கருக்கும் நிதி ஆலோசகருக்கும் அனுமதி உண்டு, சேதத்தை மதிப்பிடுபவருக்குப் பதிவு உண்டு. ஏமாந்த காப்புறுதியை மீட்டுத் தரும் கம்பெனி என்று ஒரு பிரிவே அதில் இல்லை. அவர்கள் சுவரில் மாட்டியிருப்பது நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம் தந்த சான்றிதழ். அது கம்பெனி பதிவாகியிருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றையும் சொல்லாது. ரொட்டிக் கடைக்கும் அதே எஸ்எஸ்எம்தான்.

அவர்கள் செய்யும் வேலை, உங்களிடம் மட்டும் இருக்கும் சாட்சி

கட்டணத்துக்கு என்ன வேலை நடக்கிறது? பாலிசி விவரங்களைக் கேட்டு வாங்குவது, நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் எழுதுவது, பதில் சரியில்லையென்றால் நடுநிலையாகத் தகராறைத் தீர்க்கும் ஒம்புட்ஸ்மனிடம் கொண்டுபோவது. இந்த மூன்றில் எதற்கும் பெரிய செலவில்லை. விவரங்களைக் கேட்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தரவின் நகலுக்குக் கட்டணம் 10 ரிங்கிட், பதில் சொல்ல அவர்களுக்கு 21 நாள். புகார்க் கடிதத்துக்குத் தபால் தலை, அல்லது அதுவுமில்லாமல் மின்னஞ்சல். ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் பயனீட்டாளர் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

வழக்கைத் தீர்மானிப்பது வேறு: விற்றபோது என்ன சொன்னார்கள், எதை மறைத்தார்கள், அந்த நேரத்தில் உங்கள் நிலைமை என்ன. இதை எந்தக் கம்பெனியும் கண்டுபிடித்துத் தர முடியாது. நம்மவர்கள் நடுவில் அடிக்கடி நடக்கும் ஒரு வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறை தொழிற்பேட்டையில் முப்பது வருடம் வேலை பார்த்த ஓர் அம்மா, 55 வயதில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து எஃப்டி (நிரந்தர வைப்பு) போட வங்கிக்குப் போகிறார். மேசையில் இருக்கும் பிள்ளை, "ஆன்ட்டி, இதுவும் எஃப்டி மாதிரிதான், லாபம் கூட" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறது. மறு வருடம் 10,000 ரிங்கிட் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும்போதுதான், அது ஐந்து வருடம் கட்ட வேண்டிய காப்புறுதி என்று தெரிகிறது. கட்டிய முதல் 10,000-க்குச் சரண்டர் தொகை மிகச் சொற்பம், சில பாலிசிகளில் சுழியம்.

இந்த வழக்கில் சாட்சி எங்கே ஒளிந்திருக்கிறது? பாலிசிப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அதில் எல்லாம் ஒழுங்காகவே அச்சாகியிருக்கும். விற்கும்போது பாலிசியைச் சுருக்கமாக விளக்கும் தாளிலும் கையெழுத்து இருக்கும், நிறுவனம் முதலில் அதைத்தான் நீட்டும். பார்க்க வேண்டியது, விற்பதற்குமுன் நிரப்பிய வாடிக்கையாளர் விவரப் பாரம். அதில் தொழில், வருமானம், அவரை நம்பி இருப்பவர்கள், எதற்காக வாங்குகிறார் என்று கட்டங்கள் இருக்கும். ஓய்வு பெற்றவருக்கு மாத வருமானம் 3,000 என்று எழுதியிருக்கும். கடைசிப் பிள்ளைக்கு முப்பது வயது; நோக்கம் என்ற இடத்தில் "பிள்ளைகளின் கல்விச் சேமிப்பு" என்று டிக் அடித்திருக்கும். கையெழுத்து அம்மாவுடையது, மற்ற எழுத்தெல்லாம் வேறு கை. இந்த ஒரு தாள், பத்துப் பக்கப் புகாரைவிடக் கனமானது. அதோடு அந்த நாளின் வங்கிப் புத்தகப் பதிவு: எஃப்டி முதிர்ந்ததோ இபிஎஃப் பணம் வந்ததோ, அதே நாளில் அதே கிளையில் பிரீமியம் போயிருந்தால், அவர் எதற்காக அங்கே போனார் என்பது தானாகத் தெரியும். விற்ற பிறகு சில நிறுவனங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிப்படுத்துவார்கள். அந்தப் பதிவையும் கேட்டு வாங்க வேண்டும். எந்த மொழியில் பேசினார்கள், அந்த அம்மா "ஆமா, ஆமா" என்று மட்டும் சொன்னாரா என்பது அதில் இருக்கும்.

வீட்டுக் கடனோடு ஒட்டி விற்கும், கடன் குறையக் குறையக் காப்பும் குறையும் எம்ஆர்டிஏ காப்புறுதியில் கதை இரண்டாகப் பிரியும். வீட்டை விற்றோ வேறு வங்கிக்கு மாற்றியோ கடனை முன்கூட்டியே முடித்தவருக்கு மிச்ச காலத்துக்கான சரண்டர் தொகை வரலாம். பலர் அதைக் கேட்பதே இல்லை. கடன் முடிந்த கடிதம், பாலிசி, அடையாள அட்டை, ஒரு பாரம், அவ்வளவுதான். இதற்கு முப்பது விழுக்காடு கொடுப்பது பாரம் நிரப்பக் கூலி கொடுப்பது மாதிரி. இன்னொரு வகை, "இதை எடுத்தால்தான் கடன் பாஸாகும்" என்று கட்டாயப்படுத்தி விற்பது. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று நெருக்குவதை நிதிச் சேவைச் சட்டம் 124-ஆம் பிரிவும் ஏழாம் அட்டவணையும் தடை செய்கின்றன. புகாரில் பிரீமியத்தோடு நின்றுவிடக் கூடாது. 12,000 ரிங்கிட் பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்து 4 விழுக்காட்டில் முப்பது வருடம் கட்டினால் அது மாதம் சுமார் 57 ரிங்கிட், மொத்தம் 20,600-ஐத் தாண்டும். அந்த வட்டியையும் கேட்க வேண்டும்.

ஆறு மாதம்

கம்பெனியிடம் கொடுத்துக் கெட்டுப்போகும் வழக்குகள் பெரும்பாலும் ஓர் இடத்தில்தான் கெடுகின்றன. எங்கே என்று தெரிய, படிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதல் படி, காப்புறுதி நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் புகார். வங்கி வழியாக வாங்கியது என்றால் வங்கிக்கும் ஒரு நகல். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். கடிதம் ஒரு பக்கம் போதும்: பாலிசி எண், வாங்கிய நாள், கிளை, யார் என்ன சொன்னார் என்பது அவர் சொன்ன சொற்களிலேயே, அது எப்போது பொய் என்று தெரிந்தது, எவ்வளவு வேண்டும். "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்ற வாக்கியத்துக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "ஐந்து வருடம் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, முதிர்வுத் தேதி சொல்லவில்லை, விவரப் பாரத்தில் என் வருமானம் தவறு" என்று எழுதினால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, வீட்டில் படித்த பிள்ளை மலாயில் மாற்றிக் கொடுத்தால் ஆயிற்று.

நிறுவனம் முடியாது என்றால் இறுதி முடிவு என்று ஒரு கடிதம் வரும். அறுபது நாளாகியும் பதிலே வராவிட்டாலும் அடுத்த படிக்குப் போகலாம். அடுத்த படி எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை. முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் முதலீட்டுத் தகராறுகளைப் பார்த்த சிட்ரெக்கோடு இணைந்துவிட்டது. 250,000 ரிங்கிட் வரையிலான வழக்கை எடுத்துக்கொள்வார்கள். முதலில் அதிகாரி இரு தரப்பையும் வைத்துப் பேசிப் பார்ப்பார். ஒத்துவரவில்லையென்றால் ஒம்புட்ஸ்மன் தீர்ப்பு. அதைப் புகார்தாரர் ஏற்றால் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்கவில்லையென்றால் நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கும். முதலீடு விலை இறங்கியது என்ற வெறும் குறையை எடுக்க மாட்டார்கள்; விற்றபோது மறைத்தார்கள், தவறாகச் சொன்னார்கள் என்றால் எடுப்பார்கள். புகாரை எப்படி எழுதுகிறோம் என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

இறுதி முடிவுக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போய்விட வேண்டும். இங்கேதான் கெடுகிறது. கம்பெனி உங்களிடம் கையெழுத்து வாங்கும் அதிகாரக் கடிதத்தில், இனி எல்லாத் தபாலும் எங்கள் முகவரிக்கு என்று ஒரு வரி இருக்கும். இறுதி முடிவு அவர்கள் மேசைக்குப் போகும். அவர்களிடம் நூறு கோப்பு; தொகை பெரியதாக, சாட்சி பலமாக உள்ளவற்றை முதலில் எடுப்பார்கள். வென்றால்தான் கட்டணம் என்பதால் மெலிந்த கோப்பைத் தள்ளிப் போடுவதில் அவர்களுக்கு நஷ்டமில்லை. பாலிசிக்காரர் கேட்கும்போதெல்லாம் "புரோசஸ்ல இருக்கு" என்பார்கள். அது பொய்யாகவும் இருக்காது. எட்டு மாதம் கழித்துக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தால், அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. மிச்சமிருப்பது நீதிமன்றம் மட்டும். அதற்கும் பொதுவாக ஆறு வருடக் காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கும். வென்றால் மட்டும் கட்டணம் என்றால் தோற்றாலும் நஷ்டமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஆறு மாதம் போனால், அதுதான் நஷ்டம். ஆகவே யாரிடம் கொடுத்தாலும் தபால் முகவரியை மாற்றக் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுவனத்தின் பதில் வந்த உறையையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் பாலிசியை என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். கோபத்தில் வங்கிக் கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் போவதை மட்டும் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால், மேலே சொன்ன பிரீமியக் கடன் ஏறத் தொடங்கும். நிறுவனத்துக்கு எழுதி, தகராறு முடியும்வரை என்ன வழி, மேற்கொண்டு கட்டாமல் குறைந்த காப்புத் தொகையோடு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டும். சமரசமாகப் பணம் தரும்போது நீட்டும் ரசீதில் "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். அதில் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்தது. அந்தப் பாலிசியில் ஏற்கெனவே மருத்துவமனைச் செலவுக்குக் கிளெய்ம் எடுத்திருந்தால், முழு பிரீமியமும் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாலிசி கையில் வந்து 15 நாள்கூட ஆகாதவருக்கு இது எதுவுமே வேண்டாம். அந்தக் காலத்துக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம்.

யாருக்குக் காசு கொடுக்கலாம்

எதற்குமே ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொகை 250,000-ஐத் தாண்டினால், கையெழுத்தே போலி என்றால், ஏஜெண்டு பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் வாங்கியிருந்தால், வழக்கறிஞரைப் பார்க்கத்தான் வேண்டும். கடைசி இரண்டுக்கும் போலீஸ் புகாரும் கூடவே வேண்டும். அங்கேயும் ஒன்று தெரிந்திருக்கட்டும்: வெல்லும் தொகையில் பங்கு என்று ஒரு வழக்கறிஞர் பேரம் பேச வழக்கறிஞர் தொழில் சட்டம் 1976, 112-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. "எங்க லாயர் வென்றால் முப்பது எடுத்துக்குவார்" என்று ஒரு கம்பெனி சொன்னால், ஒன்று அங்கே லாயர் இல்லை, அல்லது இருக்கக் கூடாத லாயர் இருக்கிறார்.

எழுதப் படிக்கத் துணை வேண்டும், அதுதான் தடை என்பவர்கள் நிறைய. அதற்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வருமானம் குறைந்தவருக்கு கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் உண்டு. நிறுவனம் பதிலே சொல்லாமல் இழுத்தால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிய வைக்கலாம்.

இன்னொரு வகைக் "கம்பெனி"யைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கட்டணமே வேண்டாம், இலவசமாகவே உங்கள் பழைய பாலிசியைப் பார்த்துத் தருகிறோம் என்பார்கள். பார்த்ததும் சரண்டர் செய்யச் சொல்வார்கள், அந்தப் பணத்தில் வேறு பாலிசி எடுக்க வைப்பார்கள். புது பாலிசியின் முதல் வருடக் கமிஷன்தான் அவர்களின் கூலி. தொழிலில் இதற்கு ட்விஸ்டிங் என்று பெயர். வாடிக்கையாளருக்கு வயது கூடியிருக்கும், பிரீமியமும் கூடும். மருத்துவக் காப்பில் பொதுவாக 30 நாள், குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து ஓடும். இடையில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ வந்திருந்தால் அது புது பாலிசியில் முன்னமே இருந்த நோய். பழைய பாலிசியில் குறை இருந்தாலும், புதியது கையில் வந்து அதன் நிபந்தனைகளைப் படிக்கும்வரை பழையதை விடாதீர்கள்.

ஏற்கெனவே ஒரு கம்பெனியில் கையெழுத்துப் போட்டு, "கோப்புக் கட்டணம்" என்று 500-ஓ 1,000-ஓ கொடுத்துவிட்டு விழிப்பவர்கள், முதல் வேலையாகக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி அந்த அதிகாரத்தை ரத்து செய்து, இனி எல்லாக் கடிதமும் என் வீட்டு முகவரிக்கு, பணம் வந்தால் என் கணக்குக்கு என்று பதிய வைக்க வேண்டும். இறுதி முடிவு ஏதாவது போயிருக்கிறதா, எந்தத் தேதியில் என்று அதே கடிதத்தில் கேட்க வேண்டும். கொடுத்த கட்டணத்துக்கு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: பாரம் 1, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 வரை, விஷயம் நடந்து மூன்று வருடத்துக்குள். அங்கே வழக்கறிஞர் வர முடியாது, கம்பெனிக்காரரே வந்து என்ன வேலை செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஒப்பந்தத் தாள், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி தெரியும்படி அச்சடித்தது, மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.